சுவருக்குள் இருக்கும் வரலாறு: நம் பள்ளிவாசல்களுக்கு விளக்கும் தண்ணீரும் வந்த கதை

பொன்விழா மலரில் என்னென்ன இருக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரிந்ததே. நிலம் வாங்க உதவியவர்களின் பெயர்கள், அடிக்கல் நாட்டிய படம், தலைவர்களின் வரிசை, நன்கொடைப் பட்டியல் ஆகியவை எல்லாம் இருக்கும். இருக்கவும் வேண்டும். ஆனால் எந்த மலரிலும் எழுதப்படாத ஒரு வரலாறும் உண்டு. ஒளுச் செய்யக் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது. சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது, காற்றாடி சுழல்கிறது. மோதினார் மைக்கின் முன் நிற்கிறார், பாங்கோசை தெருக்கோடி வரை போகிறது. இந்த வசதிகள் நமக்கு எப்படி வந்தன? யார் கொண்டு வந்தார்கள்? இன்று அவை எந்த நிலையில் இருக்கின்றன?

பழைய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் ஆசைக்காக மட்டும் இதை எழுதவில்லை. மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரத்தில் நம் மக்கள் எழுப்பிய சூராவ்கள், மதரஸாக்கள், சங்க மண்டபங்கள் பலவற்றுக்கும் வயதாகிவிட்டது. குவிமாடத்துக்குப் புதுச் சாயம் பூசியிருப்போம், தரைக்குப் பளிங்கு போட்டிருப்போம். சுவருக்குள் ஓடும் வயரும் குழாயும் பல இடங்களில் முதல் நாள் போட்டவையே. அவற்றின் கதை தெரிந்தால்தான் அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று நாம் முடிவெடுக்க முடியும்.

எண்ணெய் விளக்கும் ஹவுளும்

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஆரம்ப நாள்களில் பேரீச்ச மட்டையைக் கொளுத்தி வெளிச்சம் பெற்றார்கள் என்றும், தமீமுத்தாரி (ரலி) அவர்களே எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து ஏற்றினார்கள் என்றும் ஆலிம்கள் பயானில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசலில் முதன்முதல் விளக்கேற்றியவர் அவரே என்ற செய்தி இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. தொழ வருபவர்களுக்கு வெளிச்சம் கொடுத்த ஒருவரின் பெயரை இந்தச் சமுதாயம் பதினான்கு நூற்றாண்டுகளாக மறக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தண்ணீர் ஏற்றும் பொறிகளும் நமக்குப் புதியவை அல்ல. 1206இல் அல்ஜஸரி எழுதி முடித்த இயந்திர நூலில், தாழ்ந்த நீர்நிலையிலிருந்து தண்ணீரை மேலேற்றும் பொறிகளும் கை கழுவவும் ஒளுச் செய்யவும் தானாகவே நீர் வார்க்கும் கருவிகளும் படத்துடன் விளக்கப்பட்டிருக்கின்றன.

நம் முன்னோர் கப்பலேறி வந்த காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் பள்ளிவாசல் என்றால் ஹவுள் இருக்கும். படியில் அமர்ந்து நிதானமாக ஒளுச் செய்வார்கள். உயர்ந்த கூரை, தூண்கள் வைத்த திறந்த தாழ்வாரம், எதிரெதிர்ச் சன்னல்கள் எல்லாம் கடற்காற்று உள்ளே வந்து போவதற்காகவே அமைந்தவை. அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். 1801இல் தொடங்கிய பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், கோலாலம்பூரில் 1863இல் மரத்தால் எழுந்து 1960களில் இன்றைய உருவம் பெற்ற மஸ்ஜித் இந்தியாவும் மின்சாரம் இந்த நாட்டுக்கு வருமுன் பிறந்தவை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும், திரியை நறுக்குவதும், கண்ணாடியைத் துடைப்பதும் ஒருவருடைய அன்றாட வேலையாக இருந்தன.

நம்மவர்கள் கடை வைத்த வீதிகளும் அப்படித்தான். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த பிறகு, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. அன்று கட்டிய கடைவீடுகள் முன்பக்கம் ஐந்தடி நடைபாதையும் நடுவில் வானம் பார்த்த முற்றமும் கொண்டவை. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். வெளிச்சம், காற்று, மழைநீர் மூன்றையும் அந்த முற்றமே உள்ளே கொண்டு வந்தது. வெள்ளைக்காரர்களின் அலுவலகங்களில் மட்டும் தலைக்கு மேல் துணி விசிறியான பங்கா தொங்கும். அதன் கயிற்றை இழுக்கத் தனியாக ஆள் இருப்பார்.

ரவாங் சுரங்கத்திலிருந்து கோம்பாக் ஆறு வரை

இந்த நாட்டுக்கு மின்சாரம் வந்த கதையின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. தம்புசாமிப் பிள்ளையும் சீன வணிகர் லோக் யூவும் 1890களில் ரவாங்கில் நடத்திய ஈயச் சுரங்கத்தில், தேங்கும் தண்ணீரை இறைக்க மின்சாரப் பம்புகளைப் பயன்படுத்தினார்கள். மலாயாவில் அப்படிச் செய்தவர்களில் அவர்களே முதல்வர்கள் என்று சொல்லப்படுகிறது. தொடக்க நாள்களிலேயே மின்சாரம் நம் மாநிலத்தில் தண்ணீர் இறைத்திருக்கிறது.

1900இல் பகாங், ரவூப் தங்கச் சுரங்கத்துக்காக செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைந்தது. 1904இல் பினாங்கு ஜோர்ஜ் டவுனில் நகராட்சி மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1905இல் உலு கோம்பாக் நீர்மின் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு மின்சாரம் வந்தது. 1927இல் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலேயே பங்சார் மின் நிலையம் எழுந்தது. பத்து ஆராங் நிலக்கரி அதன் எரிபொருள்.

போருக்குப் பிறகு, 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் உருவானது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் என்ற புதிய பெயர் பெற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் மின்கட்டணத்தை 'எல்.எல்.என். பில்' என்று சொல்வது அந்தக் காலத்து மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளால்தான். 1990இல் அது தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று.

நம் கிள்ளானுக்கு இதில் தனி இடமுண்டு. 1953இல் கிள்ளான் கன்னாட் பிரிட்ஜ் மின் நிலையம் திறக்கப்பட்டது. 1980களில் நமக்குப் பக்கத்து ஊரான காப்பாரில் சுல்தான் சலாஹுத்தீன் அப்துல் அஜீஸ் மின் நிலையம் எழத் தொடங்கி, பல கட்டங்களாக வளர்ந்து 2,420 மெகாவாட் திறன் பெற்றது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றிலும் ஓடும்படி அமைந்தது அது.

ஆனால் மின் நிலையம் பக்கத்தில் இருப்பதும் வீட்டில் விளக்கெரிவதும் ஒன்றல்ல. மேரு வட்டாரம் ரப்பர்த் தோட்டங்களும் ஜாவானிய மக்களின் கம்போங்குகளும் நிறைந்த பகுதியாக இருந்தது. தோட்டத்து ஆலையில் டீசல் எந்திரம் ஓடும். மேலாளர் பங்களாவுக்கு வெளிச்சம் போகும். லயத்து வீடுகளில் பல தோட்டங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். மின்சாரம் கொடுத்த தோட்டங்களிலும் மாலையில் சில மணி நேரம் கொடுத்து, எந்திரத்தை நிறுத்தியதும் எல்லாம் இருண்டுவிடும். பிள்ளைகளின் பாடமும் பெரியவர்களின் ஓதலும் அந்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். மவ்லிது மஜ்லிஸுக்கும் கல்யாணத்துக்கும் பம்ப் அடித்து ஏற்றும் கியாஸ் விளக்கை வாடகைக்கு எடுத்து வருவார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கோலாலம்பூருக்கு மின்சாரம் வந்து 85 ஆண்டுகள் கழித்தும் சட்டத்தில் அதை எழுத வேண்டியிருந்தது.

கூம்பு ஒலிபெருக்கி வந்தது

பாங்கு என்பது மனிதக் குரல். மினாரா உயரமாக இருந்ததற்கு அதுவே காரணம். குரல் தொலைவுக்குப் போக வேண்டும். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936இல் ஒலிபெருக்கி பொருத்தினார்கள். பாங்கோசை ஒரு மைலுக்கும் அப்பால் கேட்கும் என்று அந்நாளில் பத்திரிகையில் செய்தி வந்தது. உலகில் ஒலிபெருக்கி வழியாகப் பாங்கு சொன்ன முதல் பள்ளிவாசல்களில் ஒன்றாக அதை ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பள்ளிவாசலைச் சுற்றிய வீதிகளில் தமிழ் முஸ்லிம்களும் வணிகம் செய்து வாழ்ந்தவர்கள்.

மக்காவிலோ கெய்ரோவிலோ முடிவாகி இங்கே வந்து சேர்ந்த வசதி என்று இதை நினைக்க வேண்டியதில்லை. நம் துறைமுகப் பட்டினத்து ஜமாஅத்தார் துணிந்து எடுத்த முடிவு அது. பிறகு ஊருக்கு ஊர் கூம்பு ஒலிபெருக்கி வந்தது. அடுக்குமாடி வீடுகள் பெருகிய சிங்கப்பூரில் 1970களில் அவற்றை உள்பக்கம் திருப்பி வைத்து, வானொலியில் பாங்கு ஒலிபரப்பும் ஏற்பாடும் வந்தது. கருவி வந்தவுடன், அதைப் பக்கத்து வீட்டாரின் உறக்கத்தையும் நினைத்துப் பயன்படுத்தும் பொறுப்பும் சேர்ந்து வந்துவிட்டது. பல இனத்தவர் வாழும் நம் மேருவுக்கும் இது பொருந்தும்.

ஒலிபெருக்கி தொடர்பாக ஒரு நடைமுறைச் செய்தி. கூம்புகள் கட்டடத்தின் மிக உயரமான இடத்தில் இருப்பவை. நம் கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. சுபாங் வானிலை நிலையக் கணக்கில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி முழங்குகிறது. இடிதாங்கியும் முறையான எர்த் இணைப்பும் இல்லாவிட்டால், மேலே இறங்கும் மின்னல் ஒலிபெருக்கி வயர் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

காற்றாடியிலிருந்து குளிர்சாதனத்துக்கு

கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமிக் 1909இல் திறக்கப்பட்டது. மதீனா பள்ளிவாசலில் மின்விளக்கு எரியத் தொடங்கியதும் ஏறத்தாழ அந்த ஆண்டில்தான். மஸ்ஜித் ஜாமிக் திறந்தபோது கோலாலம்பூருக்கு மின்சாரம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அதை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பாக், வளைவுகள் வைத்த திறந்த தாழ்வாரங்களை நம்பியே கட்டினார். 1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசலிலும் குடை போன்ற கூரை, நாற்புறமும் துளைச் சுவர், நீர்த் தடாகங்கள் என்று காற்றுக்கும் நிழலுக்குமே முதலிடம். காற்றாடி அதற்குத் துணை.

நம் சிறிய சூராவ்களும் அப்படித்தான் தொடங்கின. தகரக் கூரை, மரப் பலகை, சன்னல் கண்ணாடிப் பட்டைகள், நடுவில் காற்றாடி, மலாய்க்காரர்கள் 'கலிமந்தாங்' என்று சொல்லும் குழல் விளக்கு. பிறகு வசதி பெருகியது. சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் வைத்தோம். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆறுதல். தராவீஹுக்கு வரும் கூட்டத்துக்குத் தேவையும்கூட. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டடத்துக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறிய சூராவை எடுத்துக்கொள்வோம். 12 காற்றாடி, ஒவ்வொன்றும் 75 வாட். 20 குழல் விளக்கு, சோக்குடன் சேர்த்து ஒவ்வொன்றும் 45 வாட். மொத்தம் 1,800 வாட். 240 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர்தான். அதே சூராவில் 2,500 வாட் இழுக்கும் பெரிய குளிர்சாதனம் நான்கு வைத்தால், கூடுதலாக 10,000 வாட். மொத்த மின்னோட்டம் 49 ஆம்பியர் ஆகிறது. முன்பு இருந்ததைப் போல ஆறரை மடங்கு.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் அளவோடு நின்றுவிடாது. அதன் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஆறரை மடங்கானால் வெப்பம் நாற்பது மடங்கைத் தாண்டும். வெளியே உள்ளவர்கள் குளிர்ந்த காற்றில் அமர்ந்திருக்க, சுவருக்குள் இருக்கும் பழைய வயர் சூடேறிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து ரப்பர் உறை காய்ந்து வெடிக்கும். பிறகு வந்த பிவிசி உறையும் வெப்பத்தில் இறுகி உடையும். ஃபியூஸ் போகும்போதெல்லாம் கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டு ஓட்டும் பழக்கம் எங்கே இருந்ததோ, அங்கே எச்சரிக்கை கொடுக்கும் ஒரே பொருளையும் நாமே வாயடைத்துவிட்டோம் என்று பொருள்.

தண்ணீர் நின்ற நாள்கள்

ஹவுள் போய்க் குழாய் வந்தது சுகாதாரத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் ஹவுளில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். குழாயில் தெரியாது. தெரியாமல் போனதை அவ்வப்போது சில ஆண்டுகள் நமக்கு நினைவூட்டின.

1998இல் அணைகளில் நீர் வற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக் கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2014இல் வறட்சியால் சிலாங்கூரில் மறுபடியும் பங்கீடு. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் உட்பட ஏழு வட்டாரங்களில் ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வீடுகளில் வாளியும் பீப்பாயும் வரிசையில் நின்றதை நம் பிள்ளைகளே நினைவு வைத்திருப்பார்கள்.

பள்ளிவாசலுக்கு இது வெறும் சிரமத்தோடு முடிவதில்லை. ஒளுவுக்குத் தண்ணீர் இல்லையென்றால் தயம்மும் என்ற சலுகை உண்டு. ஆனால் மையித்தைக் குளிப்பாட்டும் இடத்தில் தண்ணீர் இல்லையென்றால், துயரத்தில் நிற்கும் குடும்பத்தை நாம் எங்கே அனுப்புவது? ஜனாஸா பங்கீட்டு அட்டவணைக்காகக் காத்திருக்காது.

இங்கும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் கொட்டும் குழாயை ஒன்றரை நிமிடம் திறந்து வைத்து ஒளுச் செய்தால் ஒன்பது லிட்டர் போகிறது. ஜும்ஆவுக்கு 200 பேர் என்றால் 1,800 லிட்டர். கூரை மேல் நாம் சாதாரணமாக வைக்கும் 400 கேலன் தொட்டியின் முழுக் கொள்ளளவும் அதுதான். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் 400 லிட்டரில் முடிந்துவிடும். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தார்கள் என்பதை நாம் பயானில் கேட்கிறோம். அது நம் தொட்டிக்கும் பொருந்தும் செய்தி.

தண்ணீரும் மின்சாரமும் இன்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 1992 செப்டம்பர் 29இலும் 1996 ஆகஸ்டு 3இலும் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் நின்றது. 1996இல் மாலையில் போனது பல இடங்களில் இரவு வெகுநேரம் கழித்தே திரும்பியது. விளக்கு மட்டும் போகவில்லை. தண்ணீரை மேலேற்றும் பம்பும் நின்றது. மேல்தொட்டியில் இருந்த தண்ணீர்தான் அன்று மிச்சம்.

அந்த வேலையைச் செய்தவர்கள்

பொதுப்பணி இலாகா, ரயில்வே, மின்சார வாரியம் ஆகிய மூன்றிலும் தமிழர்கள் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். குழி தோண்டிக் கேபிள் புதைத்தவர்கள், கம்பம் நட்டவர்கள், குழாய் இணைத்தவர்கள், மீட்டர் படித்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களில் வேலை தெரிந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கருவிப் பையோடு வந்து பள்ளிவாசலுக்குக் கூலி வாங்காமல் வயர் இழுத்துக் கொடுத்திருப்பார். இந்த நாட்டின் எந்த ஜமாஅத்திலும் அப்படி ஒருவரை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். சில இடங்களில் அவர் முஸ்லிமாகக்கூட இருக்க மாட்டார். தோட்டத்து நண்பராகவோ பக்கத்துக் கடைச் சீனராகவோ இருப்பார். கல்வெட்டில் அவர் பெயர் இல்லை.

அந்தத் தொண்டுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அதே சமயம், காலமும் சட்டமும் மாறிவிட்டன. 1990 மின் வழங்கல் சட்டமும் 1994 மின்சார விதிகளும், தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தான் கட்டடத்தில் வயர் வேலை செய்ய வேண்டும், முடித்தபின் மேற்பார்வைச் சான்றும் சோதனைச் சான்றும் தர வேண்டும் என்கின்றன. ஒருமுனை மின்சாரத்துக்கும் மும்முனை மின்சாரத்துக்கும் சான்று தனித்தனி. பெரிய இணைப்புகளுக்கு சார்ஜ்மேன் வேண்டும். எரிசக்தி ஆணையம் இதைக் கண்காணிக்கிறது. அன்பினால் செய்கிற வேலைக்கும் அளவுகோல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

உயிர் காக்கும் சின்னஞ்சிறு பொத்தான்

மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், 'டி' என்ற ஆங்கில எழுத்து போட்ட சிறிய பொத்தானுடன் ஒரு கருவி இருக்கும். மின்கசிவு துண்டிப்பான் அது. உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது ஒவ்வொரு நொடியும் பார்க்கிறது. சமமில்லை என்றால், மின்சாரம் எங்கோ ஒரு மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கும் பிளக் சாக்கெட்டுகளுக்கும் 30 மில்லி ஆம்பியர், ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று நம் நாட்டு விதிகள் எல்லை வகுத்துள்ளன. ஒளு இடமும், மையித்துக் குளிப்பாட்டும் இடமும், நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகையும் ஈரமான இடங்கள்தாம்.

இடி இடிக்கும்போது இந்தக் கருவி தானாக விழுந்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டு, அதை விலக்கி நேரடி இணைப்புக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்த கட்டடத்தில் விளக்கு எரியும், காற்றாடி சுழலும், எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். காவல் மட்டும் இருக்காது. மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். மின்சாரம் துண்டித்தால் கருவி வேலை செய்கிறது. துண்டிக்கவில்லை என்றால் அன்றே வயர்மேனை அழைக்க வேண்டும்.

2017 செப்டம்பர் 14ஆம் நாள் அதிகாலை, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் தஹ்ஃபீஸ் மதரஸா ஒன்றில் பற்றிய தீயில் 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தை அருள்வானாக. அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ என்று விசாரணையில் தெரிய வந்தது. தீ எப்படி வந்தாலும், பிள்ளைகள் வெளியேற வழியில்லாமல் நின்றார்கள் என்பதே நம் நெஞ்சை அறுக்கும் செய்தி. வாசலில் தீ, சன்னல்களில் இரும்புக் கம்பி. பிள்ளைகள் ஓதவும் தங்கவும் செய்யும் எந்த இடத்துக்கும் இரண்டாவது வழி, உள்ளிருந்து திறக்கும் கம்பிச் சன்னல், புகை எச்சரிக்கை மணி, எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஆகியவை அலங்காரச் செலவுக்கு முன்பே வர வேண்டியவை.

வெள்ளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18இல் கொட்டிய மழையில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் வட்டாரத்தின் பல பகுதிகளும் மூழ்கின. பள்ளிவாசல்களும் மண்டபங்களும் அன்று புகலிடமாயின. புகலிடமாக வேண்டிய கட்டடத்தில் சாக்கெட்டுகளும் மெயின் பெட்டியும் தரையை ஒட்டி இருந்தால், முதலில் இருளப் போவது அந்தக் கட்டடம்தான். அடுத்த முறை சுவரைத் திறக்கும்போது அவற்றை மேலே ஏற்றிவிடுவது பெரிய செலவில்லை.

பொன்விழா ஆண்டில் நாம் செய்யக்கூடியவை

ஐம்பது வயதானவரை மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறோம். கட்டடத்துக்கும் அது தேவை. பொன்விழாவை ஒட்டி நான்கு காரியங்களைச் சங்கத்தின் குடும்பங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டு முழுமையாகச் சோதித்து, எழுத்தில் அறிக்கை பெறுவது. பழைய வயர் எங்கே, எர்த் இருக்கிறதா, எவ்வளவு சுமை தாங்கும் என்பவை அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன, எந்த வால்வு எதை அடைக்கும், எந்த சுவிட்ச் எதற்கு என்று வரைந்து சுவரில் மாட்டுவது. இன்று அது ஓரிரு பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வோம்.

மூன்றாவது, பராமரிப்புக்கென்று தனி நிதி. குவிமாடத்துக்கும் கம்பளத்துக்கும் நன்கொடை தர ஆள் உண்டு, ஏனென்றால் அவை கண்ணில் படும். வயருக்கும் பம்புக்கும் தொட்டிக்கும் தருவதும் நிலையான தர்மமே. தண்ணீர் கொடுப்பதன் சிறப்பை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான்காவது, நம் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களை வயர்மேன், குளிர்சாதனப் பழுது, குழாய் வேலை ஆகியவற்றில் முறையாகப் படித்துச் சான்று பெற ஊக்குவிப்பது. கல்வி உதவிநிதி என்றால் பல்கலைக்கழகம் மட்டுமே என்று எண்ண வேண்டாம். கைத்தொழில் சான்றுக்கும் உதவிநிதி கொடுப்போம்.

இவற்றோடு, இத்தனை ஆண்டுகளில் நம் கட்டடங்களில் விளக்கும் தண்ணீரும் காற்றாடியும் ஒலிபெருக்கியும் அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களைக் குடும்பங்கள் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தாத்தா ஏணியில் ஏறி மாட்டிய காற்றாடி, மாமா இழுத்த குழாய், பக்கத்து வீட்டு நண்பர் பழுது பார்த்துக் கொடுத்த ஒலிபெருக்கி எதுவானாலும் சரி. முதல் விளக்கேற்றியவரின் பெயரைப் போற்றிய சமுதாயம் நாம். இவர்களுக்கும் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு பக்கம் வேண்டும்.

அவர்களில் மறைந்தவர்களின் மண்ணறைகளை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. வாழ்பவர்களுக்கு நலமும் நீண்ட ஆயுளும் தருவானாக. நம் கையில் உள்ள இந்தக் கட்டடங்களைப் பத்திரமாக அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பொறுப்பை நமக்கு எளிதாக்குவானாக. ஆமீன்.